அமெரிக்க ஆம்ப், லண்டன் ஆம்ப்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டு ஈஸ்டர் முடிந்த கையோடு மாதா கோயிலின் பங்கு மண்டபத்தில் ஒரு கல்யாண விருந்து நடந்தது. பேண்ட் வாசிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனார்கள். மேடையில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த அற்புதராஜ் அதைப் பார்த்தான். காற்றாடிக்குக் கீழே இடம் தேடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாசிப்பைத் தொடர்ந்தான்.

வாரநாட்களில் அவனுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. இரும்புத் தகடுகளில் படிந்த துருவைச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். சனிக்கிழமை வந்துவிட்டால் கிட்டார்தான். சிராங்கூன் ரோட்டில் மின்சாமான் கடை வைத்திருந்த ரவூபும் அவனும் சேர்ந்து ஆரம்பித்த பேண்ட் அது. ரவூப் அடிச்சுரங்களுக்கான பேஸ் கிட்டார் வாசிப்பார். அற்புதராஜைவிடப் பத்து வயது மூத்தவர்.

அற்புதராஜின் பெருமையெல்லாம் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் அவனுடைய அமெரிக்க வால்வு ஆம்ப்தான். அதில் ஒரு கம்பியைச் சுண்டினால் கண்ணாடி டம்ளரைத் தட்டியதுபோல் சத்தம் மேலே பளிச்சென்று மினுங்கும், அடியில் உருண்டு வரும். அப்படி இருந்த ஆம்ப் கொஞ்ச காலமாக ஈரத்துணி போர்த்தியதுபோல் மந்தமாகிவிட்டது. கம்பிகளை மாற்றினான். உள்ளே இருந்த கண்ணாடி வால்வுகளையும் மாற்றிப் பார்த்தான். ஒன்றும் சரிவரவில்லை. வாரா வாரம் மேல் ஒலிகளைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனான். அந்தக் கல்யாணத்தன்று அது கடைசிவரை போயிருந்தது.

பேண்டில் யாரும் அவனிடம் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை தோ பாயோ அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் அவன் மனைவி பிரிஜட்தான் பேச்சை எடுத்தாள். நேற்று கிட்டார் சத்தம் காதைக் குத்தியது, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள் என்றாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. தையல் மெஷின் ஓட்டுகிறவளுக்கு ஆம்ப்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டான். பிரிஜட் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, கெட்டில் விசில் அடிச்சிக்கிட்டே இருக்கு. உங்களுக்குக் கேக்கலையா?"

அவன் திரும்பினான். கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கேட்டதெல்லாம் தண்ணீர் கொதிக்கும் குமுறல் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் அவனைச் சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நெடுநேரம் எந்தச் சத்தமும் கேட்காமல் அவன் சும்மாவே உட்கார்ந்திருந்தான். பட்டறைச் சுத்தியல் சத்தத்தால் உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன் போய்விட்டது, அது இனி திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினான். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ரவூபுக்குச் சொல்லி அனுப்பினான்.

ரவூப் ஆள் தேடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவன் மனைவி இருவரையும் கடைக்கு வரச் சொன்னார். மண்டபத்திலிருந்து எடுத்துவந்த அமெரிக்க ஆம்ப் கடைக்குள் இருந்தது. அதன் பக்கத்தில் கறுப்பு உறை போட்ட இன்னொரு ஆம்ப். பிரிட்டிஷ் படை ஊரைவிட்டுப் போன சமயத்தில் ஒரு விமானப்படைக்காரன் விற்றுவிட்டுப் போனது. இத்தனை வருடமும் சாமான் அறையில் கிடந்தது. ரவூப் இரண்டுக்கும் சுவிட்சைப் போட்டார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. சூடேறிய தூசி வாசனை கடையெங்கும் பரவியது.

"அமெரிக்காக்காரன் பேஸ் வாசிக்கிறதுக்குன்னு இந்த ஆம்ப்பைச் செஞ்சான். லண்டன்ல அதைப் பிரிச்சுப் பார்த்து அதே மாதிரி செய்யப் பார்த்தாங்க. அங்க கெடைச்ச வால்வு வேற, ஸ்பீக்கர் வேற. அதனால குரல் மாறிப்போச்சு. ரெண்டும் ஒரே குடும்பம் லா," என்றார் ரவூப். "வாசிச்சுப் பாரு. அப்புறம் நிறுத்துறதா வேணாமான்னு சொல்லு."

அற்புதராஜ் முதலில் அமெரிக்க ஆம்ப்பில் ஒரு மெதுவான மெட்டை வாசித்தான். அதே ஈரத்துணி. ஒயரைப் பிடுங்கி லண்டன் ஆம்ப்பில் சொருகி, அதே மெட்டைத் திரும்ப வாசித்தான். இதில் மினுக்கம் இல்லை. சத்தம் நடுத்தொண்டையிலிருந்து வந்தது. ஒரு கம்பியை அழுத்தி மீட்டியபோது, உணர்ச்சிவசப்பட்டுப் பாடுகிறவன் குரல் கரகரப்பதுபோல் ஓரத்தில் கரகரத்தது. அந்த ஒரு சுரம் எழுந்ததையும் நின்றதையும் மெல்ல அடங்கியதையும் அவன் முழுதாகக் கேட்டான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அப்படிக் கேட்டான். ரவூப் பக்கம் திரும்பாமல் இன்னொரு தடவை வாசித்தான். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்துகொண்டான்.

பழக்கதோஷத்தில் கை ட்ரெபிள் குமிழுக்குப் போனது. பிரிஜட் அருகில் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா திருப்புங்க. எனக்குக் குத்துற இடத்துல சொல்றேன்."

அவள் நிறுத்தச் சொன்ன இடத்தில் அவன் நிறுத்தினான். அவள் கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். அடுத்தவர் காதை நம்பி வாசிக்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அந்த அளவிலேயே ஒரு பாட்டை வாசித்து முடித்தபோது அந்தக் கூச்சம் பாதியாகக் குறைந்திருந்தது. அமெரிக்க ஆம்ப்பில் அடிச்சத்தம் உருண்டு வருவது தனக்குப் பிடித்திருக்கிறது, பேஸுக்கு அதை வைத்துக்கொள்ளட்டுமா என்று ரவூப் கேட்டார். அற்புதராஜ் சரி என்றான்.

திங்கட்கிழமை பட்டறையில் மேற்பார்வை பார்க்கும் போர்மனைப் பார்த்து, காதை மூடும் கவசம் வேண்டும் என்று கேட்டான். கூட இருந்தவர்கள் பாட்டுக்காரன் என்று கேலி செய்தார்கள். ஆஸ்பத்திரியில் நடந்ததை அவன் ஒளிக்காமல் சொன்னான். மாதக் கடைசியில் அவர்களில் பலர் காதிலும் கவசம் இருந்தது.

செப்டம்பரில் மாதா திருவிழா. அதற்காக அவன் முதல் முறையாகச் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டான். எங்கும் உயரத்துக்கு ஏறாமல், தனக்கு நன்றாகக் கேட்கும் நடுக்கம்பிகளிலேயே அது நடந்தது. பிரிஜட் தைத்துக்கொண்டே அதை முணுமுணுத்தாள். முணுமுணுப்பில் வார்த்தைகள் வந்து சேர்ந்தன. திருவிழாவன்று ரவூப் அவளையும் பாட மேடைக்கு ஏற்றிவிட்டார்.

பாடி முடித்ததும், இது யாருடைய பாட்டு என்று பங்குச் சாமியார் விசாரித்தார்.

"எங்க பாட்டுதான் ஃபாதர்," என்றான் அற்புதராஜ். "இன்னும் ரெண்டு இருக்கு."