சிவகௌரி தோல் கழற்றிய வருடம்

தை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில், பிராங்பேர்ட் ஹோக்ஸ்டில் மூன்றாம் மாடி வீடொன்றின் குளியலறையில் சிவகௌரி தன் தோலைக் கழற்றினாள். முதுகில் நீளமாக ஒரு வெடிப்பு விழுந்தது என்றும், நனைந்த சட்டையைக் களைவதுபோல அதன் வழியே பின்பக்கமாக வெளியே வந்துவிட்டேன் என்றும் அவள் பிறகு சொன்னாள். நோகவில்லையாம். அவளுடைய கணவர் விஜயரத்தினம் விமான நிலையத்தில் பயணப் பொதிகள் பிரிக்கும் பகுதியில் இருபத்தாறு வருடமாக வேலை செய்பவர். அன்று வேலைக்குக் கிளம்பியவர், மனைவி குளியல் தொட்டிக்குள் குந்தியிருப்பதைக் கண்டு, "இஞ்சேரும், தண்ணியும் இல்லாமல் அதுக்குள்ள என்ன செய்யிறீர்?" என்று கேட்டார். பதில் அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அது நானில்லையப்பா. நான் இஞ்ச நிக்கிறன்."

தொட்டியில் இருந்தது வெங்காயத் தோல்போல மெல்லியது. நகங்களும், கணுக்காலில் இருந்த தழும்பும், காதின் தோட்டுத் துளைகளும்கூட அதில் இருந்தன. வெளியே வந்தவளோ உரித்த முட்டைபோல வழுவழுப்பாக இருந்தாள். விரல் பட்ட இடத்தில் குழி விழுந்தது. மூன்று நாள் குளியலறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துப் படுத்திருந்தாள். நாலாம் நாள் தோல் இறுகியது. உயரம் இரண்டு விரற்கடை கூடியிருந்தது.

இது எங்கிருந்து வந்தது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. மகள் கம்சனா ஐப்பசியில் படிப்புக்காகக் கார்ல்ஸ்ரூஹே போனபோது, விடுதியில் பிராணிகள் வளர்க்க அனுமதியில்லை என்று தன் கண்ணாடித் தொட்டியை இங்கே விட்டுப்போனாள். அதில் இரண்டு நன்னீர் நண்டுகள் இருந்தன. செம்மஞ்சள் உடம்பில் சிறுத்தைப் புள்ளி போட்டவை. ஒன்று பெரிது, மற்றது சற்றுச் சின்னது. விஜயரத்தினத்தோடு வேலை செய்யும் வசந்த்குமார் ஒருநாள் சாப்பிட வந்தபோது, "அக்கா, கறிக்கோ வளர்க்கிறியள்?" என்று சிரித்தார். சிவகௌரி சிரிக்கவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில், வேலையால் வந்ததும் கதிரையை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்துவிடுவாள். கணவாய் ஓடு வைக்க வேண்டும், மூடிக்குமேல் பாரம் வைக்க வேண்டும், ஓடு கழற்றினால் அந்தக் கோதை எடுத்து எறியக்கூடாது, அதைத் தின்றால்தான் புது ஓடு இறுகும் என்று மகள் போனில் சொன்ன எல்லாவற்றையும் தவறாமல் செய்தாள். மார்கழியில் பெரிய நண்டு ஓடு கழற்றியது. அடுத்த மாதம் அவள் கழற்றினாள்.

குடும்ப வைத்தியர் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கணினியில் இதற்கு நோய் எண் இல்லை என்று சொல்லி மூன்று நாள் சுகவீன விடுப்பு எழுதிக் கொடுத்தார். தோல் வைத்தியரைப் பார்க்க டெர்மின் ஐந்து மாதத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. அதற்குள் இன்னும் மூன்று தோல் கழன்றுவிட்டது. முதல் தோலை விஜயரத்தினம் மடித்து நிலவறையில் வைத்தார். இரண்டாவதை மடிக்கப் பையோடு வந்தபோது அவள் பாதியைத் தின்று முடித்திருந்தாள். "எறியக்கூடாதப்பா, உடம்புக்குத் தேவை" என்றாள். வைகாசியில் வாசல் நிலை இடிக்காமல் தலை குனிந்து வந்தாள். அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில், இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் ஆட்களை அவள் தனியே தூக்குவதால் பொறுப்பாளருக்கு மிகவும் சந்தோஷம். அவள் அறைக்குள் வந்தால் கிழவர்கள்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

ஆனியில் சின்ன நண்டு ஓடு கழற்றியது. அது இளகிய உடம்போடு தொட்டியில் கிடந்த ஓக் இலைகளுக்கு அடியில் ஒளிந்திருந்தது. பெரியது தேடி வந்து, எந்த அவசரமும் இல்லாமல், காலிலிருந்து தொடங்கித் தின்றது. எட்டு மாதம் ஒரே கல்லுக்கடியில் படுத்தவை. விஜயரத்தினம் மகளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"அது கோவத்தில செய்யிறேல்லையப்பா" என்றாள் கம்சனா. "உடம்பு இளகி இருந்தால் சாப்பாடு எண்டுதான் அதுக்குத் தெரியும். பிரிச்சு வச்சிருக்கோணும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். சிவகௌரியும் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

ஆவணியில் அவருக்கு முதுகு அரித்தது. ஒரு கிழமை யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் போய்விடலாம் என்று பயணச்சீட்டும் எடுத்திருந்தார். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் கரட் சீவிக்கொண்டிருக்கும்போதே முதுகு வெடித்துவிட்டது.

"கௌரி, எனக்கும் வந்திட்டுது."

"தெரியும். மணக்குது" என்றாள் அவள். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "குளியலறைக்குள்ள போய்ப் பூட்டுங்கோ. நான் கேட்டாலும் திறக்காதேங்கோ."

முதல் நாள் அவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். கம்சனா பிறந்த வருடத்துப் பனியைப் பற்றியும், அப்போது மூன்று பேரும் ஒரே போர்வைக்குள் படுத்ததைப் பற்றியும் பேசினார்கள். இரண்டாம் நாள் அவள் குரல் கனத்திருந்தது.

"பசிக்குதப்பா."

"பிரிட்ஜில புட்டு இருக்கு."

"அது காணாது."

கதவுப்பிடி மெல்லக் கீழே போய் மேலே வந்தது. மறுபடியும் போனது. பலகையின் கீழ்மூலையில் ஒரு கீறல் ஓடியது. விஜயரத்தினம் குழைத்த மாவுபோலத் தொட்டிக்குள் கிடந்தார். எழும்ப ஏலாது. போர்த்திய துவாயின் மடிப்புகூட அவர் உடம்பில் பதிந்தது. முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளுக்குப் பயப்படுகிறேனே என்ற வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. பின்னேரம் மூன்று மணியளவில் கதவுப்பிடி நின்றது. கொஞ்ச நேரத்தில் மெல்லும் சத்தம் கேட்டது.

"கௌரி, என்ன சாப்பிடுறீர்?"

மெல்லும் சத்தம் நின்றது. "ஒண்டுமில்லை. நீங்கள் படுங்கோ."

நாலாம் நாள் காலை தன் முழங்கையைச் சுவரில் தட்டிப் பார்த்தார். கட்டையில் தட்டிய சத்தம் வந்தது. கதவைத் திறந்தார். கதவுக்கு வெளியே நிலம் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. சிவகௌரி கதிரையில் வெளிறிப்போய் இருந்தாள். இடது சட்டைக்கை முழங்கைக்குக் கீழே வெறுமையாகத் தொங்கியது.

"நோகுதோ?"

"முதல் நொந்தது. பிறகு பழகிட்டுது. அடுத்தமுறை கழற்றேக்க முளைக்கும். நண்டுக்கு முளைக்குதெல்லோ."

அவர் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அந்தச் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு எழும்பித் தேநீர் போட்டார்.

அவள் சொன்னபடிதான் நடந்தது. கார்த்திகையில் கழற்றியபோது கை முளைத்திருந்தது. ஐந்து விரலும் சரி. பச்சைக் குழந்தையின் கையளவு. அவள் தோல் இறுகும்வரை அந்த மூன்று நாளும் விஜயரத்தினம் கேட்டு வாங்கி இரட்டை வேலை செய்தார். வீட்டில் நிற்க முடியவில்லை. குளியலறைக் கதவின் அடியிலிருந்து வந்த மணம் இவ்வளவு இனிப்பாக இருக்குமென்று அவர் நினைத்திருக்கவில்லை.

மார்கழியில் குளியலறைக்கு இரும்புக் கதவு போட வீட்டு நிர்வாகத்துக்கு அன்ட்ராக் எழுதி விண்ணப்பித்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். மூன்று கிழமையில் அனுமதி வந்தது. பொருத்த வந்த மனிதரிடம், பூட்டு உட்பக்கம் மட்டும்தான் வேண்டும், வெளியிலிருந்து திறக்க எந்தத் திறப்பும் வேண்டாம் என்று சொன்ன சிவகௌரி, அந்தச் சின்ன இடது கையின் விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் அளவெடுத்துக் குறித்துக்கொண்டார்.