சொல்லாமல் அடைத்த ஓட்டை

பாப்பாவுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு இளையவள் என்பதால் பாப்பா. தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. ஒரே கணக்கேட்டை எல்லோர் கணினியிலும் வைத்துக் காக்கும் ஒரு பிளாக்செயின் வலைப்பின்னலின் மூல மென்பொருளைப் பராமரிப்பது அவள் வேலை. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அந்த வலைப்பின்னலுக்கு முதலாளியும் கிடையாது, தலைமை அலுவலகமும் கிடையாது. யார் யாரோ தங்கள் வீட்டுக் கணினியில் அதே மென்பொருளை ஓட்டுகிறார்கள். புதிய பதிப்பு வந்தால், போட்டுக்கொள்ளுங்கள் சாமி என்று கும்பிட்டுக் கேட்கலாம், அவ்வளவுதான். போடுவதும் போடாததும் அவரவர் இஷ்டம்.

இந்த முறை மென்பொருளில் ஓர் ஓட்டை. கோணலாக எழுதிய ஒரே ஒரு செய்தியை எவனாவது அனுப்பினால் போதும், பழைய பதிப்பு ஓடும் கணினிகள் அத்தனையும் படுத்துவிடும். இதைத் தண்டோரா போட்டு அடைக்க முடியுமா? திருடனுக்கு வழி சொன்னதாகிவிடும். அதனால் பராமரிப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தூசி தட்டினோம் என்று சொல்லி, நாலு சில்லறை மாற்றங்களுக்கு நடுவே ஓட்டையை அடைக்கும் வரிகளைச் செருகிவிடுவார்கள். பெரும்பாலோர் புதியதற்கு மாறிய பிறகுதான் உண்மையைச் சொல்வார்கள். அதுவரை பெற்ற தாயிடம்கூட மூச்சு விடக் கூடாது.

பாப்பாவும் அப்படியே தன் கையால் எழுதி வெளியிட்டுவிட்டாள். ஆனால் மற்றவர்கள் மாறினால்தானே! பாதிப் பேர் அசையவில்லை. அதற்குக் காரணம் அவளுடைய சொந்த அண்ணன்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கணினி ஓட்டுபவர்களின் குழுவில் அவருக்கு ‘வக்கீல்’ என்று பெயர். எந்தப் பதிப்பு வந்தாலும் வரிக்கு வரி குறுக்கு விசாரணை செய்துவிட்டுத்தான் ‘போடலாம்’ என்பார். அவர் சொல்லாமல் குழுவில் ஈ எறும்பு நகராது. இந்த முறையோ, தூசி தட்டியதற்கு என்ன அவசரம், பரீட்சைத் தாள் திருத்திவிட்டுப் பார்க்கிறேன் என்று எழுதிவிட்டார். முந்தின நாள் போனில், வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள் பாப்பா.

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நேரம்தான் உட்காருவாள்? எத்தனை பேர் மாறியிருக்கிறார்கள் என்று திரையைப் பார்ப்பாள், எழுந்து சன்னலுக்குப் போவாள், திரும்ப வந்து பார்ப்பாள். கைப்பேசி அதிர்ந்தாலே, எவனோ அந்தச் செய்தியை அனுப்பிவிட்டான் என்று பாய்ந்து எடுப்பாள். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள்.

அண்ணன் விடைத்தாள் கட்டுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். குழுவில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று பாப்பா சுற்றி வளைத்துக் கேட்டாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். தூசிக்காக இவள் இந்த வெயிலில் ஓடி வருவாளா? சிவப்புப் பேனாவை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்து, மாற்றங்களைப் படிக்க ஆரம்பித்தார். வந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு வரியில் அவர் விரல் நின்றது.

“இது தூசி இல்ல பாப்பா. தெரிஞ்சேதான் என்கிட்ட மறைச்சியா?”

“ஆமாண்ணா. யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

அவர் முதலில் தன் கணினியில் புதிய பதிப்பைப் போட்டார். பிறகு குழுவில் எழுதினார்: ‘படித்துவிட்டேன். தூசி தட்டியதுதான். இன்றைக்கே போட்டுவிடுங்கள்.’ இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் குழுவுக்குச் சொன்ன முதல் பொய் அது. சிறிது நேரத்தில் பாப்பாவின் கைப்பேசியில் மாறியவர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. அண்ணனின் கையைப் பிடித்தாள். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டு விடைத்தாளை எடுத்தார்.

“வேற யார் எழுதியிருந்தாலும் வந்த அன்னைக்கே படிச்சிருப்பேன். நீ எழுதினதாச்சேன்னு நம்பித்தான் படிக்காம வச்சிருந்தேன்.”

பாப்பா ஒரு கட்டை ஒதுக்கிவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“இனிமே நீ எழுதினதையும் அன்னைக்கே படிச்சுடறேன்,” என்றார்.

யாரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான், படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று முகம் தெரியாத ஆட்களிடமெல்லாம் சொல்கிறவள் அவள். அண்ணன் அதற்கு ஒத்துக்கொண்டபோது அழுகையை அடக்க முடியவில்லை.