அறுபது மீட்டர் உயரத்தில் நீர் மாத்திரை

காலை பதினொன்று பத்து. இரண்டு டன் கான்கிரீட் பலகை கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது இறங்க வேண்டிய தளத்தில் ஆறு பேர் அண்ணாந்து நின்றார்கள். அறுபது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த கிரேன்காரருக்குக் கண் இருட்டியது.

பல்லைக் கடித்தார். இரண்டு நொடியில் வெளிச்சம் திரும்பியது.

"என்ன மேல்வீட்டுக்காரரே, தூக்கமா?" வாக்கிடாக்கியில் சிக்னல்காரனின் குரல். "பலகை ஊஞ்சல் ஆடுது."

"காத்துப்பா."

"கீழ ஒரு தூசிகூட அசையல. உங்க வீட்டுக்கு மட்டும் தனிக் காத்தா?"

அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பழைய பிரஷர் மாத்திரையில் கால் வீங்குகிறது என்று நான்கு நாள் முன்புதான் டாக்டர் மாற்றிக் கொடுத்தார். "இது நீர் மாத்திரை. அடிக்கடி ஒண்ணுக்குப் போகும். அதுக்காகத் தண்ணியைக் குறைச்சுடாதீங்க."

குறைக்காமல் என்ன செய்வது? கூண்டில் கழிப்பறை கிடையாது. ஏணியில் இறங்கி ஏற முக்கால் மணி நேரம். ஒரு நாளில் மூன்று முறை இறங்கினால் மேஸ்திரி ஏன் என்று கேட்பார். கேட்டால் பிரஷர் இருப்பது வெளியே வரும். வந்தால் மறுபடி மேலே ஏற விடமாட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் வேறு வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? அதனால் நான்கு நாளாக, விடிந்ததிலிருந்து வேலை முடியும்வரை அவர் ஒரு மடக்குகூடத் தண்ணீர் குடிக்கவில்லை.

பலகை பாதி தூரம் இறங்கியபோது மறுபடி இருட்டியது. இந்த முறை காதும் அடைத்தது. பார்வை திரும்பியபோது கீழே நின்றவர்கள் ஆறா, பன்னிரண்டா என்றே தெரியவில்லை.

நிறுத்தினார்.

"ஆளுங்களை ஒதுங்கச் சொல்லு."

"ஏண்ணே?"

"சொல்லுடா."

காலடிச் சத்தம் வாக்கிடாக்கியில் கேட்டது. "ஒதுங்கியாச்சு."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ சொல்லு, நான் இறக்கறேன்."

கேலி துடைத்தெடுத்த குரல். "இறக்குங்க. மெதுவா. இன்னும் ரெண்டு முழம். ஒரு முழம். நிறுத்துங்க. உக்காந்துடுச்சு."

அவர் விசையை அணைத்தார். கட்டுமான இடம் மொத்தமும் கேட்கும் அலைவரிசையில், தானே சொன்னார்:

"எனக்கு பிரஷர் இருக்கு. மாத்திரை மாத்தினாங்க. தண்ணி குடிக்காம ஏறிட்டேன். இனிமே தூக்க மாட்டேன்."

மேஸ்திரி குறுக்கிட்டார். "அசையாதீங்க. தானா இறங்கிடாதீங்க. உங்களைக் கட்டி இறக்க பெல்ட்டோட ரெண்டு பேர் ஏறி வர்றாங்க. இருபது நிமிஷம்."

இருபது நிமிஷம். கூண்டின் தரையில் படுத்து, காலைத் தூக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார். சுற்றிலும் வெறும் வானம்.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"ஏதாவது பேசு. கண்ணு சொருகுது."

"என்ன பேச?"

இருவருக்குமே தெரியவில்லை. நான்கு வருடமாக மேலே, கீழே, இடது, வலது என்பதைத் தாண்டியதெல்லாம் வெறும் கிண்டல்தான்.

"பொண்டாட்டி பிள்ளைங்க சௌக்கியமா?" என்று கேட்டு வைத்தார்.

"எனக்குக் கல்யாணமே ஆகலண்ணே," என்றான் சிக்னல்காரன். "உங்களுக்கு? யாருக்காவது போன் பண்ணணுமா?"

அவர் யோசித்தார். ஏணியில் காலடிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

"வேணாம்ப்பா. நீ லைன்ல இரு."