சராசரிக் கை

அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையில் புள்ளி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவள் ஒருத்திதான். கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு, தரம் பார்க்கும் அறையில் உட்கார்ந்து, கீறல் விழுந்தது, மூலை உடைந்தது என்று எதைப் பார்த்தாலும் வரைதாளில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருந்தால் பின்னே என்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கு அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் மேனேஜர் இப்போது அவள் மூக்குக்கு நேராக நீட்டிய தாளைப் பற்றித்தான்.

'கையுறை சராசரி அளவுக்குப் பொருத்தமானது. விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்' என்று அதில் அச்சாகியிருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அந்தத் தொழிலாளி வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணி. வெட்டுமேசையில் கண்ணாடிமேல் கோடு கிழித்து, கையால் அழுத்தி ஒடிப்பது அண்ணியின் வேலை. போன வாரம் கையுறையின் தொளதொள விரல்நுனி கண்ணாடிக்கு அடியில் மடிந்து மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தாள். கண்ணாடி நழுவி மணிக்கட்டைப் பதம் பார்த்துவிட்டது. நல்லவேளை, நரம்பு தப்பியது. இந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் வேலை தப்பாது.

"போடும்மா. நீ எடுத்துக் குடுத்த சராசரிதானே?" என்றார் மேனேஜர்.

சுருக்கென்றது. பொய்யாக இருந்தால் சுருக்கென்றிருக்காது.

கோடை தொடங்கும்போது, புதுக் கையுறை வாங்க எல்லாருடைய கையையும் அளக்கச் சொன்னவர் இவர்தான். புள்ளி டேப்பை எடுத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போய் உள்ளங்கையைச் சுற்றி அளந்தாள். அளந்ததையெல்லாம் புள்ளியாக வைத்தாள். வைக்க வைக்க வரைதாளில் இரண்டு குவியல் எழுந்தது. வெட்டுமேசைப் பெண்கள் பதினேழு, பதினெட்டு சென்டிமீட்டரில் குவிந்தார்கள். பெரிய கண்ணாடிகளைத் தூக்கி வைக்கும் ஆண்கள் இருபத்திரண்டு, இருபத்துமூன்றில் குவிந்தார்கள். நடுவில் வெறும் பள்ளம்.

அதைப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினால், "படத்தை உன்கிட்டயே வச்சுக்கோ. எனக்கு ஒரே நம்பர் சொல்லு" என்றார். கூட்டி வகுத்து "இருபது சார்" என்றாள். 'ஆனா இருபதுல யாருமே இல்ல சார்' என்று இன்னொரு வாக்கியம் நாக்குவரை வந்தது. அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். வந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு திரும்பினாள். மாதிரிக்கு ஒரு ஜோடி வந்தபோது மேனேஜரே மாட்டி, விரலை மடக்கி நீட்டி, "தச்ச மாதிரி இருக்கு!" என்று பூரித்துப்போனார். மூட்டை மூட்டையாக அதே அளவில் வந்து இறங்கியது.

அதிலிருந்து பெண்களின் விரல்கள் கையுறைக்குள் நீச்சலடித்தன. ஆண்கள் பாடு வேறு. தூக்குகிறவர்களில் பீரோ என்று ஒருவர். ஆளைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். அவர் மாட்டிய முதல் நாளே கட்டைவிரல் தையல் பட்டென்று வாயைப் பிளந்துகொண்டது.

"சராசரி என்னோடதுதான் சார்," என்றாள் புள்ளி. "பொருத்தம்னு நான் சொல்லவே இல்ல. கையெழுத்துப் போட மாட்டேன்."

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். பாதிப் பேருக்கு லூசு, பாதிப் பேருக்கு டைட்டு. ரெண்டும் சேர்ந்தா சரியாப் போச்சுல்ல?"

"தாள்ல சரியாப் போகும் சார். கையில போகாது."

மேனேஜர் முகம் கடுகடுத்தது. "நாளைக்குக் காலையில முதலாளி வர்றாரு. அவர்கிட்ட சொல்லிக்கோ. அப்படியே வேற வேலையும் பாத்துக்கோ."

வேறு வேலை எங்கே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டே வெளியே வந்தாள். பயந்தாள்தான்; அதை மறைப்பானேன்? வீட்டில் அண்ணி ஒற்றைக் கையால் தலையைப் பின்னிக்கொள்ள மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். புள்ளி சீப்பை வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

"நான் சொன்ன நம்பர்தான் அண்ணி உங்க கையை அறுத்துச்சு."

அண்ணி திரும்பவில்லை. "தெரியும். உன்மேல கோவமும் இருக்கு. முதல்ல இழுத்துப் பின்னு."

"நாளைக்கு முதலாளிகிட்ட அந்தப் படத்தைக் காட்டப்போறேன்."

"எதுக்கு? அவரும் உன்கிட்டயே வச்சுக்கோன்னு சொல்றதுக்கா?"

புள்ளி பின்னிக்கொண்டே யோசித்தாள். தாளைப் பார்க்க மாட்டேன் என்பவர்களுக்கு வேறு எதைக் காட்டுவது? பின்னி முடிக்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆளைத்தான் காட்ட வேண்டும்.

மறுநாள் வேலை மணி அடிப்பதற்கு முன்பே தொழிற்சாலை முற்றத்தில் சுண்ணாம்புக் கோடுகள் விழுந்திருந்தன. ஒவ்வொரு கோட்டின் தலைமாட்டிலும் ஒரு எண், பதினாறிலிருந்து இருபத்துநான்கு வரை. "அவங்கவங்க கை அளவு எதுவோ அந்தக் கோட்டுல ஒருத்தர் பின்னால ஒருத்தரா நில்லுங்க" என்று புள்ளி கத்தினாள். பீரோ கோட்டை மிதிக்காமல் நிற்கப் பட்ட பாட்டைப் பார்த்து வெட்டுமேசைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதலாளியின் கார் உள்ளே நுழைந்தபோது முற்றமே வரைதாளாகியிருந்தது. பதினேழிலும் பதினெட்டிலும் பெண்களின் வரிசை சுவர்வரை நீண்டிருந்தது. இருபத்திரண்டிலும் இருபத்துமூன்றிலும் ஆண்களின் வரிசை குடோன் வாசலை எட்டியது. பத்தொன்பதிலும் இருபத்தொன்றிலும் ஒன்றிரண்டு பேர். இருபதில் ஈ காக்கை இல்லை.

மேனேஜர் ஓடி வந்தார். "என்ன கூத்து இது? எல்லாரும் உள்ள போங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"இருங்க," என்றார் முதலாளி. வரிசைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "என்னம்மா இது? நடுவுல ஏன் காலியா இருக்கு?"

"அதுதான் சார் சராசரி," என்றாள் புள்ளி. காலியாகக் கிடந்த கோட்டைக் காட்டினாள். "இவங்க எல்லார் கையையும் கூட்டி வகுத்தா இருபதுதான் வரும். கணக்குல தப்பில்ல. ஆனா அந்தக் கையோட இங்க ஒருத்தர்கூட வேலை பாக்கல. இல்லாத ஆளுக்குக் கையுறை வாங்கிட்டு, இருக்கிற ஆளுக்குக் கவனம் இல்லன்னு எழுதியிருக்காங்க. அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இல்லாத ஆளா?" மேனேஜர் கொதித்தார். "நானே போட்டுப் பாத்தேன் சார். தச்ச மாதிரி இருந்துச்சு!"

பதினேழாம் வரிசையிலிருந்து அண்ணி வந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் புள்ளியின் தோளில் தொங்கிய டேப்பை உருவினாள்.

"எங்க சார், கையை நீட்டுங்க."

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி, "நீட்டுங்களேன்," என்றார். அண்ணி ஒற்றைக் கையால் டேப்பைச் சுற்ற, புள்ளி நுனியைப் பிடித்தாள். பீரோ எட்டிப் பார்த்து முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார்: "இருபது!"

"உங்க இடம் காலியாத்தான் இருக்கு சார். போய் நில்லுங்க," என்றாள் அண்ணி.

வேறு வழி தெரியாமல் மேனேஜர் இருபதாம் கோட்டில் போய் நின்றார். இரண்டு பக்கமும் அத்தனை பேர். நடுவில் அவர் ஒருவர். தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெட்டுமேசைக்கும் இனிமே சாரே வந்துரட்டும்," என்றாள் அண்ணி. "கையுறை அவருக்குத்தான் அளவா இருக்கு."

சிரிப்பு அடங்குவதற்குள் வேலை மணி அடித்தது. வழக்கமாக மணிச் சத்தத்துக்கு முன்னால் ஓடுகிற கால்கள் அன்றைக்குக் கோட்டிலேயே நின்றன. முதலாளி அந்த மணி அடித்து ஓயும்வரை காத்திருந்தார். பிறகு மேனேஜரிடமிருந்த தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினார்.

"இது வேணாம். கை ஆறினதும் அந்தம்மா வேலைக்கு வரட்டும்," என்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, எனக்கு நேரமாச்சு. இப்ப என்ன அளவுல வாங்கணும்? சுருக்கமா ஒரே நம்பராச் சொல்லு."

நாக்குவரை வந்ததை இந்த முறை புள்ளி விழுங்கவில்லை.

"ஒரே நம்பராச் சொல்ல மாட்டேன் சார். வாங்க, முதல் கோட்டுலேர்ந்து பாத்துக்கிட்டே போவோம்."