பள்ளி நாட்களில் மட்டும்

நாதன் குளியலறையில் விழுந்த புதன்கிழமை, அந்த வீட்டிலிருந்து யாருடைய கைபேசிக்கும் செய்தி போகவில்லை. போயிருக்க வேண்டும். உள்ளே போனவர் நெடுநேரம் வெளியே வராவிட்டால், கதவுக்கு மேலிருக்கும் சென்சார் அதைக் கவனித்து அவர் மனைவி ஷேரனுக்கும், ஷேரனின் தம்பி கிளிஃபர்டுக்கும் சொல்லிவிடும். அது போதாதென்று நாதனின் கழுத்தில் ஒரு பொத்தானும் தொங்கியது. விழுந்தவர் அதை அழுத்தினார். விரல் நடுங்கியதால் சரியாக அழுந்தவில்லையோ என்று மறுபடி மறுபடி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கைக்கு எட்டிய பிளாஸ்டிக் வாளியைச் சுவரில் இடிக்கத் தொடங்கினார். பின்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹமீதா அந்தச் சத்தத்தைக் கேட்டு, தன்னிடம் கொடுத்து வைத்திருந்த சாவியால் கதவைத் திறந்து வந்து தூக்கினார். எலும்பு ஏதும் முறியவில்லை. நெற்றியும் முழங்கையும் கறுத்துப் போயிருந்தன.

அன்று மாலை ஷேரன் தம்பியைக் கூப்பிட்டாள். திட்டவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, "முடிஞ்சா வந்து பாருப்பா" என்றாள். அந்தக் குரலைக் கேட்பதற்கு அவள் திட்டியிருந்தாலே தேவலை என்று கிளிஃபர்டுக்குத் தோன்றியது.

அவனால் சனிக்கிழமைதான் வர முடிந்தது. பட்டர்வொர்த்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணினிகளைக் கட்டி மேய்க்கும் வேலை அவனுக்கு. வாரம் முழுவதும் எது எங்கே நின்றுபோனது என்று தேடியவன், வார இறுதியிலும் அதையே செய்ய மோட்டார் சைக்கிளைத் தீவுக்குப் போகும் படகில் ஏற்றினான். அக்கா வீடு இருக்கும் கெலுகோர் வந்து சேர்ந்தபோது கழுத்து வலித்தது. முந்தைய மாதங்களிலும் இதே வேலைக்காக வந்திருந்தான். வீட்டைக் கவனித்துக்கொள்ளும் அந்தச் சிறிய கணினியின் மெமரி நிறைந்துகொண்டே வந்தது. வரும்போதெல்லாம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். நிறைவதற்குக் கூடுதலாகச் சில நாட்கள் ஆயின. அவ்வளவுதான்.

இத்தனையையும் முதலில் அமைத்தவர் நாதன்தான். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் எஞ்சினியராக இருந்த காலத்தில், பொழுதுபோக்காகத் தொடங்கினார். டிவி மேசைக்கு அடியில் ஒரு கையடக்கப் பெட்டி. அந்த ஒரு பெட்டியையே இரண்டு தனித்தனிக் கணினிகள்போலப் பிரித்து, ஒன்றில் வீட்டின் விளக்கு, விசிறி, தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் இணைத்தார். இன்னொன்றில் படங்களையும் பாட்டுகளையும் போட்டு வைத்தார். பிறகு பார்க்கின்சன் நோய் வந்தது. கை எழுத மறுத்தது, குரல் தாழ்ந்தது, கால்கள் நினைத்தபோது நகராமல் நின்றன. விளக்கு போடுவதற்காக வைத்த பெட்டி அவரைக் கவனிப்பதற்கென்று ஆனது. வீட்டில் ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று ஷேரன் கேட்டபோதெல்லாம் அவர் அந்தப் பெட்டியைத்தான் காட்டினார். ஹாலில் ஒரு கேமரா வைக்க மட்டும் சம்மதித்தார். அதுவும் அவசரச் செய்தி வந்தால் திறந்து பார்ப்பதற்கு என்ற பேச்சின் பேரில்.

கிளிஃபர்ட் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்தான். நாதன் தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் ஷேரன் தன் பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் அவள் தலை கொஞ்சம் கவிழ்ந்து நிமிர்ந்தது.

திரையில் மெமரி கிட்டத்தட்ட நிறைந்திருப்பதாகக் காட்டியது. கிளிஃபர்ட் பெருமூச்சு விட்டான். நாதன் ஏதோ சொன்னார். காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அந்த நம்பரப் பாக்காத தம்பி. வெளியிலேருந்து பாத்தா எப்பவும் நெறஞ்ச மாதிரிதான் காட்டும். உள்ள போய்ப் பாரு."

அது கிளிஃபர்டுக்கும் தெரிந்ததுதான். உள்ளே இருக்கும் கணினி, தேவைப்பட்டால் விட்டுவிடலாம் என்று பிடித்து வைத்திருப்பதையும், உண்மையில் தின்றுகொண்டிருப்பதையும் வெளியிலிருப்பது ஒன்றாகக் கூட்டிச் சொல்லிவிடும். களைப்பில் அதை மறந்து அந்த எண்ணையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறான். உள்ளே போய்ப் பார்த்தான். பயந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக இருந்தது. பழைய பதிவுகளைப் புரட்டியதில் புதன்கிழமை நடந்ததும் தெரிந்தது. மெமரி முற்றிலும் தீர்ந்து, இடம் பிடிப்பதற்காகக் கணினி தானே ஒவ்வொரு வேலையாக நிறுத்தியிருக்கிறது. அப்படி நிறுத்தியவற்றில் ஒன்று, கைபேசிகளுக்குச் செய்தி அனுப்பும் வேலை.

எது இப்படித் தின்கிறது என்பதுதான் தெரியவில்லை. கிளிஃபர்ட் சந்தேகப்பட்டவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினான். மழை வருமா என்று சொல்வது, பாட்டுப் போடுவது, நாதன் எப்போதோ எழுதி மறந்த தண்ணீர்க் கணக்கு. நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். மெமரி அசையவில்லை. மறுபடி ஓடவிட்டு அடுத்ததை நிறுத்தினான். இந்த வேலையில் முக்கால்வாசி காத்திருப்புதான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டை முதுகில் ஒட்டியது.

மதியம் ஷேரன் சோறும் மீன் குழம்பும் வைத்தாள். நாதனுக்குக் கனமான பிடி வைத்த கரண்டி. அவர் சாப்பிடும்போது அவள் நேராகப் பார்க்கவில்லை. தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, அவர் கரண்டி வாய்க்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் சோறு ஆறிப் போனது. கிளிஃபர்ட் அதைப் பார்த்தான்.

சாப்பிட்ட பிறகுதான் ஒன்று தோன்றியது. இதுவரை அந்த நேரத்து அளவை மட்டுமே பார்த்திருந்தான். இரண்டு மாதத்து அளவையும் சேர்த்து ஒரே கோடாகப் போட்டான். ஏதாவது ஒரு நிரல் எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் ஒழுகவிட்டால், கோடு வழக்கமாக இரவு பகல் பாராமல் சரிவுபோல் ஏறும். இந்தக் கோடு படிக்கட்டுபோல் ஏறியது. காலையில் ஏறத் தொடங்கி, மதியம் தாண்டியதும் நின்றுவிடுகிறது. இரவில் அசைவே இல்லை. சனி ஞாயிறு தட்டையாகக் கிடந்தது. நடுவில் ஒரு வாரம் முழுவதுமே தட்டை.

அது எந்த வாரம் என்று கிளிஃபர்ட் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாதன் மெதுவாகச் சொன்னார்.

"ஸ்கூல் லீவு."

கிளிஃபர்ட் கேமராவைக் கவனிக்கும் நிரலைத் திறந்தான். அதில், யாரும் பார்க்காமலே ஓடிக்கொண்டிருந்த காட்சிகள் வரிசையாக நின்றன. கைபேசியில் ஒவ்வொரு முறை கேமராவைத் திறக்கும்போதும் அது புதிதாக ஒரு காட்சியைத் தொடங்கியிருக்கிறது. கைபேசித் திரை அணைந்த பிறகும் அதை மூடாமல் வைத்திருந்திருக்கிறது. அந்த நிரலைப் போட்டவன் கிளிஃபர்ட்தான். போட்டதோடு சரி, அதைப் புதுப்பிக்கவே இல்லை.

வரிசை நீளமாக இருந்தது. திரையை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. மடிக்கணினியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாமா என்று நினைத்தான். அதற்குள் நாதன் படித்துவிட்டார்.

"அக்கா, ஸ்கூல்லேருந்து கேமரா தொறந்து பாப்பியா?" என்று கிளிஃபர்ட் கேட்டான்.

ஷேரன் தாளிலிருந்து தலையெடுக்கவில்லை. "எப்பவாச்சும்."

"எப்பவாச்சும் இல்ல, ஷேரன்" என்றார் நாதன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போகும் வழியில் பார்ப்பாளாம். பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதும்போது மேசைக்கு அடியில் வைத்துப் பார்ப்பாளாம். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் கவனிக்கத் தொடங்கிய பிறகு கழிவறைக்குப் போய்ப் பார்ப்பாளாம். தலைமையாசிரியை கூப்பிட்டு ஒருமுறை கேட்டும் விட்டார்.

"நீங்க நாற்காலியில இருக்கறது தெரிஞ்சா கொஞ்ச நேரத்துக்குப் பாடம் நடத்த முடியும். அப்புறம் மறுபடியும் வந்துடும்" என்றாள். எது வந்துவிடும் என்று சொல்லவில்லை.

பிறகு தம்பியைப் பார்த்தாள். முப்பது வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவள். இரண்டையும் அவளே முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"அப்ப நான் பாத்ததாலதான் புதன்கிழமை மெசேஜ் வரலயா?"

இல்லை என்று சொல்லத்தான் கிளிஃபர்ட் விரும்பினான். "நீ பாத்ததால இல்லக்கா. பாத்து முடிச்சதும் அது மூடியிருக்கணும். மூடல. அதப் போட்டது நான்" என்றான்.

அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. புதன்கிழமை நடந்ததை, மூன்று நாளாக யாரிடமும் சொல்லாததை, மேசையைப் பார்த்துச் சொன்னாள். அன்று காலை திறந்து பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பாத்ரூம் போயிருப்பார் என்று நினைத்தாள். கொஞ்சம் கழித்து மறுபடி திறக்கப் பார்த்தாள், திறக்கவில்லை. லைன் சரியில்லை போல என்று நினைத்தாள். அதற்குள் பரீட்சை மேற்பார்வைக்கு மணி அடித்துவிட்டது. உள்ளே போன் எடுத்துப் போக முடியாது. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவள் அந்தக் காலி நாற்காலியையே நினைத்துக்கொண்டு வரிசைக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

"தரையில கெடந்தீங்க. நான் பேப்பர் கொடுத்துக்கிட்டு இருந்தேன்."

நாதனின் வலது கை நாற்காலிப் பிடியில் வேகமாக நடுங்கியது. அவர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். கோபப்படுகிறார் என்றுதான் கிளிஃபர்ட் நினைத்தான். தன்னை இப்படி நாள் முழுவதும் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கும் பிடிக்காது.

"நான் மூக்கு நோண்டறதையும் பாத்திருப்ப" என்றார் நாதன்.

"பாத்தேன்."

"நாசமாப் போச்சு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். நாதன் சன்னல் வழியே பக்கத்து வீட்டைப் பார்த்தார். பேசுவதற்கு முன்னால் அவருக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"கக் ஹமீதாவக் கேளு" என்றார். பக்கத்து வீட்டு ஹமீதாவை அவர்கள் மலாய் முறையில் கக், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

எதைக் கேட்பது என்று கிளிஃபர்டுக்குப் புரியவில்லை. ஷேரனுக்குப் புரிந்தது. ஹமீதா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலை நேரங்களில் வந்து இருக்கிறேன் என்று போன வருடமே கேட்டிருந்தார். அன்று நாதன் கதவை ஓங்கிச் சாத்தாத குறையாக மறுத்திருந்தார்.

"வரட்டும். ஆனா குளிக்கறப்ப மட்டும் வேணாம்" என்றார் இப்போது.

"குளிக்கறப்பதாங்க வேணும்."

அவர் யோசித்தார். "கதவுக்கு வெளியில நிக்கட்டும் லா."

"சரி" என்றாள். இன்னொரு முறை கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்தவள்போல், செருப்பை மாட்டிக்கொண்டு உடனே பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் கிளிஃபர்ட் வேலையில் இறங்கினான். கேமரா நிரலைப் புதுப்பித்து, பார்ப்பவர் போனதும் காட்சி மூடும்படி அமைத்தான். அது எவ்வளவு தின்னலாம் என்பதற்கு ஓர் எல்லை வைத்தான். நாதன் இன்னொன்று சொன்னார். செய்தி அனுப்புவதை இதே இடத்தில் வைக்காதே, படமும் பாட்டும் இருக்கும் அந்தப் பக்கத்துக் கணினிக்கு மாற்று, இங்கே எது செத்தாலும் அது உயிரோடு இருக்கட்டும் என்றார். அதற்கு இடம் காணாது என்றான் கிளிஃபர்ட். பாட்டையெல்லாம் அழித்துவிடு என்றார் நாதன். நிஜமாகவா என்று கேட்டதற்கு, கேட்பதற்குக் கைபேசி இருக்கிறது என்றார். அழிப்பதற்கு முன் கிளிஃபர்ட் அவற்றைத் தன் மடிக்கணினியில் எடுத்துக்கொண்டான். அதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு நாதன் கழுத்திலிருந்த பொத்தானை அழுத்தினார். மேசை மேல் இருந்த ஷேரனின் கைபேசியும் கிளிஃபர்டின் கைபேசியும் ஒன்றாகக் கத்தின. இன்னொரு முறை அழுத்தச் சொன்னான். மறுபடியும் கத்தின.

ஷேரன் திரும்பி வந்து, திங்கட்கிழமையிலிருந்து ஹமீதா வருவதாகச் சொன்னாள். கிளிஃபர்ட் அவளிடம் கைபேசியைக் கொடுத்து, பள்ளியில் பார்ப்பதுபோல் கேமராவைத் திறந்து மூடச் சொன்னான். அவள் தயங்கினாள். கணவர் முன்னால் அதைச் செய்யக் கூச்சமாக இருந்தது போலும். நாதன் தலையாட்டினார். அவள் திறந்தாள், திரையை அணைத்தாள், மறுபடி திறந்தாள். மெமரி காட்டும் எண் ஏறியது. கொஞ்சம் பொறுத்து இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. கிளிஃபர்ட் போதும் என்ற பிறகும் அவள் இன்னும் சில முறை செய்து பார்த்தாள்.

மழைக்கு முன்னால் கிளம்பினான். நல்ல தூக்கம் வந்தது. எங்காவது மோதிவிடக் கூடாதே என்று மெதுவாக ஓட்டினான்.

அடுத்த மாதம் நாதன் மறுபடி விழுந்தார், இந்த முறை சமையலறையில். அலுவலகத்தில் இருந்த கிளிஃபர்டுக்குச் செய்தி வந்தது. பதறி வீட்டுக்குக் கூப்பிட்டபோது ஹமீதா எடுத்தார். தூக்கி உட்கார வைத்தாயிற்று, அடி ஒன்றுமில்லை, வலியைவிடக் கோபம்தான் அதிகம் என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஷேரன் பேசினாள். மெமரி எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஏறுகிறது, இறங்குகிறது என்றாள். பிறகு, "இன்னிக்கி நான் காலையிலேருந்து பாக்கவே இல்லப்பா. மெசேஜ் வந்தப்பதான் தெரியும்" என்றாள்.

அவள் அதைத் தன் தப்பென்று சொல்கிறாளா, சும்மா சொல்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டான். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டேன் என்றாள்.