நாற்பதாவது தாள்

பிள்ளைகளை அடிப்பது குற்றம் என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா? இதைக் கண்டுபிடிக்க ஏழாம் வகுப்புக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து, வீட்டிலிருந்து எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று தேடவே மாட்டோம் என்று சத்தியம் பண்ணாத குறை. இப்போது பெற்றோரை வரவழைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்தொன்பது பிள்ளைங்க முத்துமுத்தா எழுதியிருக்கு. 'எங்களை யாரும் அடிப்பதில்லை. அடித்தாலும் எங்கள் நன்மைக்கே.' ஒண்ணு மட்டும் பள்ளிக்கூடத்து மானத்தை வாங்கிடுச்சு" என்றார் தலைமையாசிரியர்.

பக்கத்தில் கணக்கு வாத்தியார் பிரம்போடு நின்றார். "யாருன்னு மட்டும் தெரியட்டும். பேசிக்கிறேன்."

தாள் கைமாறி, மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் லோடுமேனிடம் வந்தது. பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மகளின் எழுத்து. போன வருஷம் அவருக்கு எழுதப் பழக்கிய கை. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

யார் அடிக்கிறார்? கணக்கு சார். அது சரியா? தப்பு. யாரிடம் சொன்னாய்? யாரிடமும் இல்லை. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் என்று சாரிடம் சொன்னதே அப்பாதான்.

சொன்னது உண்மை. சேர்க்க வந்த அன்று மரியாதைக்குச் சொன்னார். எல்லோரும் சொல்வதுதான்.

"என்னய்யா, உம் பொண்ணா?"

"இல்லீங்க சார். பாப்பா தூங்கிடுச்சு. நான்தான் எழுதினேன்."

தலைமையாசிரியர் முகம் மலர்ந்தது. "பெரியவங்க எழுதினா செல்லாதே! அப்ப முப்பத்தொன்பதுக்கு முப்பத்தொன்பது!"

எல்லோரும் கை தட்டினார்கள். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணக்கு வாத்தியாரும் தட்டினார்.

மகள் தப்பித்தாள். அவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை. நாளைக்கும் அதே பிரம்பு, அதே பிள்ளை.

"சார், அந்தத் தோலை உரிக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"கொழுப்பைப் பாரு" என்றார் பின்னால் இருந்த தையற்காரர். "நாளைக்கு அது உன் தலைமேல ஏறி உக்காரும்யா."

"ஏறட்டும்ணே. மூட்டையை விடவா கனக்கப்போகுது?"

தலைமையாசிரியருக்கு எரிச்சல். "வாபஸ்னா சும்மாவா? எழுத்துல குடுக்கணும்."

லோடுமேன் பிள்ளைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பேனா கேட்டு வாங்கினார். முதல் வரியில் கணக்கு வாத்தியார் பெயர் விழுந்ததும்தான் தலைமையாசிரியருக்கு உறைத்தது.

"ஐயோ, எழுத்துல எல்லாம் எதுக்குங்க? இனிமே அடிக்க மாட்டாரு. வாய்வார்த்தை போதும்."

"ரெண்டு வரிதான் சார். முடிச்சிடறேன்" என்றார் அவர், தலை நிமிராமல்.