துரை பங்களாவில் ஒரு கடல்

நீல மீன் செத்து மிதந்த காலையில் துரை டெலிபோனை எடுத்தார். வெயில் ஏறுவதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. சமையல்கார ராமையாவை, தோளில் கிடந்த கைத்துண்டோடு அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த ருக்குமணி ஈரக் கையோடு ஓடி வந்தாள். அதற்குள் ஜீப் தேயிலைச் சரிவின் வளைவில் மறைந்திருந்தது.

"எதுக்கு துரை எம் புருசனைப் புடிச்சிட்டுப் போறாங்க? என்ன செஞ்சாரு?"

ஹார்வுட் துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தாராளமாக வரும். ஆண்பால், பெண்பால் மட்டும் வராது. கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டினார்.

"யாரோ விஷம் போடறான். முதல்ல நத்தை செத்தான். அப்புறம் அந்தப் பூ செத்தான். அப்புறம் மீன். இன்னிக்கி என் மீன். நாளைக்கி என் சூப்."

மலை உச்சியில் கடலை வளர்க்க ஆசைப்பட்ட மனுஷர் அவர். கீழே ரிங்லெட் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நசுருதீனின் லாரி, திரிங்காப் தோட்டங்களின் காய்கறியை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு இறங்கும். திரும்பும்போது கருவாட்டோடு துரைக்கு ஜாடி ஜாடியாகக் கடல் தண்ணீரும், உயிர் மீனும் வரும். தொட்டி வைத்துச் சில வாரங்கள்தான் ஆகின்றன. பூ மாதிரி விரல் விரித்து ஆடும் கடல் பிராணி ஒன்றுகூட இருந்தது. அது சுருங்கிச் செத்தபோதே துரை தூக்கத்தை விட்டுவிட்டார்.

காலமும் அப்படி. அவசரகாலம். வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள், பக்கத்துத் தோட்டத்து மானேஜரைப் போன மாதம்தான் ரோட்டில் வைத்துச் சுட்டிருந்தார்கள். ருக்குமணியின் தம்பி கந்தசாமி அந்தக் காட்டுக்காரர்களோடு போய்ச் சேர்ந்தவன். போனவன் போனவன்தான், உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டு மாப்பிள்ளை ராமையா. தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு தடவை மாற்றுவதும் அவன் வேலை. பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு, புதுக் கடல் தண்ணீரைக் குளிர் போகச் சூடாக்கி ஊற்ற வேண்டும். ஊற்றிய கைதான் விஷம் கலந்த கை. இது துரையின் கணக்கு.

"சார்ஜன் சொன்னான். நாளைக்கி மத்தியானம் லாரியில ஜெயில் கேம்ப்புக்குப் போவான். அப்புறம் கப்பல். இந்தியா."

 ராமையா அங்கிருந்து கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பில் உட்கார்ந்து வந்து இறங்கியவன். அங்கே போனால் அவனைத் தெரிந்தவர் என்று ஒரு நாய்கூடக் கிடையாது.

"துரை, அவர் கோழி அறுக்கவே கண்ணை மூடிக்குவார். அவர் செய்யல. எதுனால சாவுதுன்னு நான் கண்டுபுடிச்சிட்டு வந்தா விட்ருவீங்களா?"

துரை சிரிக்கவில்லை. தொட்டிக்குள் கல்லிடுக்கில் ஒளிந்திருந்த ஒற்றை மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"கொசு மருந்துன்னு நினைச்சேன். நிறுத்தினேன். குளிர்னு நினைச்சேன். விளக்கு வச்சேன். தீனி நானே போடறேன். இன்னும் சாகறான். நீ என்ன கண்டுபிடிப்பான்?"

"தண்ணி, துரை? கொண்டு வர்ற தண்ணியே கெட்டதா இருந்தா?"

துரை நிமிர்ந்து பார்த்தார். "போ. பார்."

ரிங்லெட்டுக்கு இறங்கும் வழியில் தோட்டத்து கேட்டில் அவளை நிறுத்திச் சோதித்தார்கள். காட்டுக்காரர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கு வீடு உலை வைப்பதையே நிறுத்தியிருந்தார்கள். ஒரே இடத்தில் பொங்கி, வாளியில் கொண்டு வந்து பங்கு வைத்தார்கள். பங்களாவின் பெரிய எனாமல் வாளியும் அந்த வேலைக்குத்தான் போயிருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

நசுருதீன் அவளைக் கண்டதும் கடையின் பாதிக் கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, ஒனக்குப் புண்ணியமாப் போவுது, என்னை இழுக்காத லா. காலைலயே போலீசு மாத்தா வந்து கேட்டுட்டுப் போய்ட்டான்."

"நானா, நீங்க கொண்டாந்த தண்ணி நல்ல தண்ணியா? அத மட்டும் சொல்லுங்க."

"நல்ல தண்ணியாவா? வா, வந்து கண்ணால பாரு!"

கோபத்தோடு அவளைப் பின்பக்கம் இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார். பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று. அடுத்த தடவை துரைக்குக் கொடுக்க வைத்திருந்த இரண்டு ஆரஞ்சு மீன்கள் அதில் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் ஒரு நத்தை சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தது.

"அதே கடலு, அதே லாரி, அதே நாளு. என் கடை அடுப்புப் புகைல கெடந்தும் சாவல. உங்க துரை மாளிகையில போயி செத்தா நான் என்னா பண்றது?"

ருக்குமணி ஜாடியைக் குனிந்து பார்த்தாள். தண்ணீர் நல்ல தண்ணீர். அப்படியானால் கோளாறு பங்களாவில்தான். பங்களாவில் அந்தத் தண்ணீரைத் தொட்டவர் ராமையா.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கே அந்த எண்ணம் வந்தது. செஞ்சிருப்பாரோ? யாராவது மிரட்டியிருப்பாங்களோ?

அந்த நேரத்தில் சமையற்கட்டிலிருந்து நசுருதீனின் மனைவி ஜொஹரா போட்ட சத்தம் கடையையே அதிரவைத்தது.

"புளியாணத்த இந்தத் தேக்சாவுல ஊத்துனது யாரு? ஈயம் போயி உள்ளுக்கு செம்பு தெரியுதே, கண்ணு அவிஞ்சா போச்சு? களிம்பு ஏறி நாலு பேரு வாந்தி எடுத்து சாவணும், அதுக்கும் மாத்தா வரணும், அப்பத்தான் உங்களுக்கு ஆறும்!"

"மறந்து ஊத்திட்டேன்லா! கத்தாத, ஆளுங்க சாப்புடுறாங்க!" என்றார் நசுருதீன்.

ருக்குமணி சமையற்கட்டு வாசலுக்குப் போய் அந்தத் தேக்சாவை எட்டிப் பார்த்தாள்.

செம்பு. புளி. உப்பு.

எனாமல் வாளி சோறு சுமக்கப் போய்விட்டது. தண்ணீரைச் சூடாக்கப் பாத்திரம் இல்லை என்று ராமையா முனகினான். "நான் பாத்துக்கிறேன், நீங்க ஊத்துனா போதும்" என்று சொன்னவள் அவள். கல்யாணத்துக்கு வந்த செம்புத் தவலையை லயத்திலிருந்து தூக்கி வந்தவள் அவள். குளிக்க வெந்நீர் வைக்கச் செம்பைவிட நல்ல பாத்திரம் எது? சாமிக்கு விளக்கு விளக்குகிற மாதிரி புளி போட்டு, பளபளவென்று தேய்த்தாள். கடல் தண்ணீரை ஊற்றி, ராத்திரி முழுக்கத் தணலில் விட்டாள். பாவம், குளிரில் வரும் மீன்கள், வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று.

ஈயம் பூசாத செம்பில் ஒரு கரண்டி புளிக்குழம்பு வைக்க மாட்டாள். சும்மா தண்ணீர்தானே என்று நினைத்தாள். அது உப்புத் தண்ணீர் என்பது புத்திக்கு எட்டவே இல்லை.

"நானா... நான்தான்" என்றாள். நடந்ததைச் சொல்லி முடித்ததும் நசுருதீன் குரலைத் தாழ்த்தினார்.

"வாய மூடிக்க. வெளிய சொல்லாத. கந்தசாமி அக்கா தண்ணில விஷம் வச்சான்னுதான் மாத்தா காதுல விழும். அப்புறம் லாரில நீ ஏறுவ."

"ஏறுறேன். அந்த ரெண்டு மீனையும் குடுங்க."

"கொல்லவா கேக்குற?"

"ஒண்ண மட்டும்."

நசுருதீன் மனைவியைப் பார்த்தார். ஜொஹரா ஜாடியைத் தூக்கி ருக்குமணியின் கையில் வைத்தாள்.

பங்களாவில் போலீஸ் சார்ஜன் ஸுல்கிஃப்லி உட்கார்ந்திருந்தார். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் சரளமாக வரும். ருக்குமணி ஜாடியைத் தரையில் வைப்பதற்குள் அவர் சேதியைச் சொன்னார்.

"வீணா அலையாதம்மா. ஒன் புருசன் ஒத்துக்கிட்டான். நான்தான் விஷம் வச்சேன்னு சொல்லிட்டான்."

"அடிச்சீங்களா?"

"ஒரு அடி இல்ல. நான் கேக்குறதுக்கு முன்னாலயே சொல்லிட்டான் லா. எனக்கே ஆச்சரியம்."

அவள் தவலைக் கதையைச் சொன்னாள். துரை தலையை ஆட்டினார். "நீ புருஷனைக் காப்பாத்த கதை சொல்றான்."

"கதையான்னு நீங்களே பாருங்க துரை. உங்க கண்ணு முன்னால தேய்க்கிறேன். உங்க கண்ணு முன்னால ஊத்துறேன். சமையக்கட்டுச் சாவி உங்ககிட்ட இருக்கட்டும்."

அன்று மாலை, வெள்ளிக்கிழமைக்குத் தேய்ப்பது போலவே புளி போட்டுத் தவலையைத் தேய்த்தாள். ஒரே ஜாடித் தண்ணீர். பாதி தவலையில், பாதி, லயத்திலிருந்து திரும்ப வரவழைத்த எனாமல் வாளியில். இரண்டையும் தணல் மேல் வைத்ததும் துரை கதவைப் பூட்டினார்.

விடிந்தது. ஆறிய தண்ணீரை இரண்டு பீங்கான் பேசின்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மீனை விட்டார்கள்.

இரண்டும் நீந்தின.

தவலைத் தண்ணீர் மீன் இன்னும் உற்சாகமாகவே சுற்றியது. துரை காப்பி குடித்தார். ஸுல்கிஃப்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் ஏறியது. கேட் பக்கம் கேம்ப் லாரி முனகும் சத்தம் கேட்டது.

ருக்குமணி கண்ணை மூடிக்கொண்டாள். செத்துப்போ. சாமி, இந்த மீனு செத்துப்போகணும். வாழ்நாளில் எந்த உயிருக்கும் அவள் அப்படி வேண்டியதில்லை.

"துரை..." ஸுல்கிஃப்லியின் குரல்.

மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. செவுள் வேகமாக அடித்தது. கொஞ்ச நேரத்தில் அடிப்பது நின்றது. அடுத்த பேசினில் அதன் ஜோடி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

துரை தவலைக்குள் கைவிட்டு, தண்ணீர் நின்ற கோட்டை விரலால் வழித்துப் பார்த்தார். விரலில் லேசாகப் பச்சை. கைக்குட்டையில் துடைத்தார். பிறகு, "அவனைக் கொண்டு வா" என்றார்.

"கொண்டு வரேன்" என்று எழுந்த ஸுல்கிஃப்லி, தொப்பியை மாட்டிக்கொண்டே ருக்குமணியிடம் கேட்டார்: "செய்யாத ஒண்ண அவன் ஏன்மா ஒத்துக்கிட்டான்?"

அதை அவனிடமே கேட்க அவள் லயத்துக்குப் போய்க் காத்திருந்தாள்.

மத்தியானம் ராமையா வந்தான். அதே கைத்துண்டு. ஒரு ராத்திரியில் முகம் வற்றியிருந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் கலைந்து போனதும் ருக்குமணி கேட்டாள்.

"ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

அவன் கைத்துண்டை எடுத்து மடித்தான்.

"நத்தை செத்ததும் எனக்குச் சந்தேகம். நான் ஒண்ணும் கலக்கல. தண்ணியத் தொட்டது வேற யாரு? நீதான். ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு தவலையப் பாக்கப் போன. கந்தசாமி ஆளுங்க உன்கிட்ட எதாச்சும் குடுத்திருப்பாங்கன்னு..." நிறுத்தினான். "உன்னை அந்தக் கேம்ப்புல நெனச்சுப் பாக்க முடியல புள்ள."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தணல் அணையக் கூடாதே என்று எழுந்து எழுந்து போனதைத்தான் இந்த மனுஷன் தூங்குகிற மாதிரி கிடந்து பார்த்திருக்கிறான்! நான் விஷம் வைப்பவள் என்று நம்பினீங்களா என்று கேட்க வாயெடுத்தாள். நசுருதீன் கடைச் சுவரோரம், ஜாடி முன்னால் நின்ற அந்த ஒரு கணம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். அதை அவனிடம் அவள் சொல்லவில்லை.

வெளியே அடுப்பில் வெந்நீர் கொதித்தது. அவன் முகம் கழுவ ஒரு சொம்பில் மொண்டு வந்து நீட்டினாள்.

ராமையா கையை நீட்டினான். வாங்குவதற்கு முன், அவனை அறியாமலே, சொம்புக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும், அந்தத் தண்ணீரை வாங்கி, முகம் கழுவாமல், சுடச்சுட மடமடவென்று குடித்தான்.